வாத்தியார் எங்கிருந்து வந்தார்?

இந்த மாதப் பாடம் திருமுறையிலிருந்தோ புராணத்திலிருந்தோ எடுத்தது இல்லை. நம் வட்டாரத்தில் இப்போது ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. அதற்குத் துணையாகப் படித்துத் தொகுத்தது இது. அம்பாங்கான் ஞாயிறு கலை வகுப்பில் தேவாரமும் கோலாட்டமும் நடந்துகொண்டிருக்கின்றன. அடுத்து பரதமும் மிருதங்கமும் தொடங்கலாம் என்று பேச்சு. பேச்சு எழுந்த நாளிலிருந்து பெற்றோர் வாட்சாப் குழுவில் ஒரே கேள்விதான்: "யார் சொல்லிக்கொடுக்கிறது? அவங்க எங்கே படிச்சவங்க?"

நியாயமான கேள்வி. நம் பிள்ளையை யாரிடம் ஒப்படைக்கிறோம் என்று கேட்காத அம்மா அப்பா உண்டா? ஆனால் கேள்விக்குப் பின்னால் வந்த பதில்கள்தான் என்னை யோசிக்க வைத்தன. ஒருவர் இந்தியாவில் படித்தவர்தான் வேண்டும் என்றார். இன்னொருவர் கோலாலம்பூரிலிருந்து வரவழைக்கலாம், இங்கே உள்ளவர்கள் சரிப்படாது என்றார். இப்போது தேவாரம் சொல்லிக்கொடுக்கும் அக்காவுக்கு சர்டிபிகேட் இல்லை என்று தெரிந்ததும் இரண்டு குடும்பங்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டன. அந்த அக்கா செனவாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறவர். தோட்டத்து லயத்தில் பிறந்து, கோயில் பண்டாரத்திடம் பதிகம் பாடம் கேட்டவர். பண் பெயர் கேட்டால் சொல்வார். ஏன் அந்தப் பண் என்று கேட்டால் பாடிக் காட்டுவார்.

ஆகவே பேர்போன கலைப்பள்ளிகளில் கற்றுக்கொடுத்தவர்கள் யார், எந்த வீட்டிலிருந்து வந்தார்கள், யாரிடம் கற்றார்கள் என்று தேடிப் பார்த்தேன். பொறியியல் மாணவன், கலை விமர்சகன் இல்லை. ஆனால் ஒரு பொருள் எதனால் ஆனது என்று பிரித்துப் பார்ப்பது எங்களுக்குப் பழக்கம்.

முதலில் கலாக்ஷேத்திரா. இந்தப் பெயரைக் கேள்விப்படாத பரத வகுப்பு மலேசியாவில் இருக்காது. 1936 ஜனவரியில் சென்னை அடையாறில் தொடங்கியது. நிறுவியவர் ருக்மிணி தேவி அருண்டேல் (1904–1986), கூடவே அவர் கணவர் ஜார்ஜ் அருண்டேல். ருக்மிணி தேவியின் அப்பா நீலகண்ட சாஸ்திரி பொதுப்பணித் துறையில் எஞ்சினியர் (நம்ம ஆளு!). ஆடும் குடும்பம் கிடையாது. ரஷ்ய பாலே நடனமணி அன்னா பாவ்லோவாவின் நட்பு கிடைத்து, அவர் குழுவில் இருந்த கிளியோ நோர்டியிடம் முதலில் பாலே கற்றார். நம் ஊர் நடனத்தின் பக்கம் திரும்பியபோது வயது முப்பதை ஒட்டிவிட்டது. 1935 டிசம்பரில் அடையாறில் பிரம்மஞான சபையின் வைர விழாவில் மேடை ஏறினார். பிராமண வீட்டுப் பெண், அதுவும் வெள்ளைக்காரரை மணந்தவர், சதிர் ஆடுவதா என்று ஊரே பேசியது.

அப்படியென்றால் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

ஒருவர் மயிலாப்பூர் கௌரி அம்மாள். மயிலை கபாலீஸ்வரர் கோயிலோடு பரம்பரையாகப் பிணைந்த தேவதாசி மரபில் வந்தவர். அபிநயத்தில் அவருக்கு நிகர் இல்லை என்பார்கள். பாலசரஸ்வதியும் அவரிடம் அபிநயம் கற்றார், ருக்மிணி தேவியும் கற்றார். அடுத்தவர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1869–1954). இன்று நாம் பார்க்கும் அலாரிப்பு முதல் தில்லானா வரையிலான கச்சேரி வரிசைக்கு வடிவம் கொடுத்த தஞ்சை நால்வரின் வழித்தோன்றல். அந்த நால்வர் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு. பிள்ளை அவர்கள் சிற்றூரில் இருந்தபடியே மாணவர்களை வைத்துச் சொல்லிக்கொடுத்த நட்டுவனார். வயது கூடிய, வேறு சமூகத்துப் பெண்ணுக்குக் கற்றுத்தர ஆரம்பத்தில் அவர் தயங்கினார். பிறகு சம்மதித்தார், கலாக்ஷேத்திராவுக்கும் வந்து பாடம் நடத்தினார். அவர் மருமகன் சொக்கலிங்கம் பிள்ளையும் அங்கே ஆசிரியராக இருந்தார்.

கவனியுங்கள். எந்தக் கலாக்ஷேத்திரா சர்டிபிகேட்டை நாம் இன்று கேட்கிறோமோ, அதன் முதல் ஆசிரியர்களிடம் எந்தச் சர்டிபிகேட்டும் கிடையாது. அதுமட்டுமா, அவர்கள் வந்த சமூகத்தை அப்போதைய பெரிய மனிதர்கள் வீட்டுக்குள் விடத் தயங்கினார்கள். 1932ல் சென்னை மியூசிக் அகாடமியில் சதிருக்குப் 'பரதநாட்டியம்' என்ற பெயர் வழக்கத்துக்கு வந்தபோது அதற்காக முன்னின்றவர் இ. கிருஷ்ண ஐயர், தொழிலால் வக்கீல். பெயர் மாறியது, மேடை மாறியது, ஆடுகிறவர்கள் மாறினார்கள். 1947ல் சென்னை மாகாணத்தில் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. அதற்காகப் பல ஆண்டுகள் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் நோக்கம் சிறுமிகளைக் காப்பாற்றுவது. அந்தச் சட்டம் தேவைதான் என்பது என் கருத்து. ஆனால் கலையை ஏந்திக்கொண்டு வந்த பெண்கள் பிறகு எப்படிச் சோறு தின்றார்கள் என்று கேட்டவர்கள் குறைவு. இரண்டு மகத்தான நடனக் கலைஞர்களுக்கு அபிநயம் கொடுத்த கௌரி அம்மாள் வறுமையில்தான் 1971ல் இறந்தார். பரத வகுப்பில் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நடராசர் கதையோடு இந்தக் கதையும் சொல்லப்பட வேண்டும்.

இன்னொரு திருப்பம் 1943ல் நடந்தது. சொக்கலிங்கம் பிள்ளை கலாக்ஷேத்திராவை விட்டுப் போய்விட்டார். நிகழ்ச்சி நெருங்கிவிட்ட நேரம். நட்டுவனார் இல்லாமல் கச்சேரி எப்படி? ருக்மிணி தேவி தானே தாளத்தைக் கையில் எடுத்தார். அதன்பிறகு பள்ளியில் படித்தவர்களே நட்டுவாங்கம் செய்து, அவர்களே ஆசிரியர் ஆனார்கள். பெரிய சாரதா என்று அழைக்கப்பட்ட சாரதா ஹாஃப்மன் அப்படி மாணவியாக இருந்து பல பத்தாண்டுகள் அங்கேயே கற்பித்தவர். இதில் வரவும் உண்டு, இழப்பும் உண்டு. நட்டுவாங்கம் பெண்கள் கைக்கு வந்தது, யார் வேண்டுமானாலும் படித்து ஆசிரியராகலாம் என்ற வழி திறந்தது. மறுபக்கம், தலைமுறை தலைமுறையாகத் தட்டுக்கழி பிடித்த இசை வேளாளர் வீடுகள் மெல்ல ஓரத்துக்குப் போயின. இதை எந்தப் பக்கம் நின்று சொன்னாலும் பாதிக் கதைதான்.

நடனத்தோடு நிறுத்திவிடக் கூடாது. அந்த ஆசிரியர் அறைக்கு அடுத்தடுத்து வந்தவர்களைப் பாருங்கள். டைகர் வரதாச்சாரியார் சங்கீதம் கற்பித்தார். பாபநாசம் சிவன் சில ஆண்டுகள் பாடம் எடுத்தார். பரம்பரை வீணைக் குடும்பத்துக் காரைக்குடி சாம்பசிவ ஐயர் கடைசிக் காலம் வரை அங்கே வீணை சொல்லிக்கொடுத்தார். மைசூர் வாசுதேவாச்சாரியார் 1865ல் பிறந்தவர். மைசூர் அரண்மனை வித்துவானாக இருந்தவர், தொண்ணூறை எட்டும் வயதில் வந்து ராமாயண நாட்டிய நாடகங்களுக்கு இசை அமைத்தார். தொண்ணூறு வயதில் புது வேலை! நமக்கு முப்பத்தைந்தில் 'வயசாச்சு' என்று வந்துவிடுகிறது. கேரளத்திலிருந்து வந்த சந்து பணிக்கர் கதகளி ஆசான். ஆண் பிள்ளைகள் குறைவாக இருந்ததால் ஊருக்குப் போன அவர் 1953ல் இரண்டு பையன்களை அழைத்துவந்தார். ஒருவர் பாலகோபாலன். இன்னொருவர் பையனூரில் வசதியில்லாத ஒரு பள்ளி ஆசிரியரின் மகன், வி.பி. தனஞ்சயன். இந்தத் தனஞ்சயன்தான் பிற்காலத்தில் உலகறிந்த ஆசிரியர் ஆனார்.

இங்கே நம் நாட்டுக்குள் வருவோம். தனஞ்சயனின் மனைவி சாந்தா தனஞ்சயன் எங்கே பிறந்தார் தெரியுமா? மலாயாவில். 1943ல், ஜப்பான்காரன் ஆட்சிக் காலத்தில், கேரள வம்சாவளிக் குடும்பத்தில். 1952ல் சிறுமியாகக் கலாக்ஷேத்திராவில் சேர்ந்தார். 1968ல் இருவரும் சென்னையில் பரதகலாஞ்சலியைத் தொடங்கினார்கள். 2009ல் இருவருக்கும் பத்மபூஷண். மலாயாவில் பிறந்தவரிடம் சென்னைப் பிள்ளைகள் போய்ப் பரதம் படித்திருக்கிறார்கள். 'இந்தியாவில் படித்தவர்தான் வேண்டும்' என்பவர்கள் இதை ஒரு தரம் யோசிக்கட்டும். கலை ஒரு திசையில் மட்டும் கப்பல் ஏறவில்லை.

பக்கத்து நாட்டில் சிங்கப்பூரையும் பார்க்கலாம். கேரளத்திலிருந்து வந்த கே.பி. பாஸ்கர் 1952ல் நடனப் பள்ளி தொடங்கினார். 1955ல் மனைவியாக வந்த சாந்தா பாஸ்கர், பதின்ம வயதைத் தாண்டாதவர், கற்பிக்கத் தொடங்கி வாழ்நாள் முழுக்கக் கற்பித்தார். 1958ல் சீனர்களின் பட்டாம்பூச்சிக் காதலர் கதையைப் பரதத்தில் ஆட வைத்தார். கொழும்பில் பிறந்த நீலா சத்தியலிங்கம் கலாக்ஷேத்திராவில் படித்து, 1974ல் சிங்கப்பூர் வந்து, 1977ல் கணவரோடு அப்சராஸ் கலைக்கூடத்தை ஆரம்பித்தார். மூன்று பேருக்கும் மூன்று விதமான பின்னணி.

கோலாலம்பூர் நுண்கலை ஆலயம், நாம் பேச்சில் 'டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ்' என்கிறோமே, அதுதான் நம் வகுப்புக்கு மிக நெருங்கிய உதாரணம். 1981ல் சுவாமி சாந்தானந்த சரஸ்வதியின் (1934–2005) வழிகாட்டலில் உருவானது. கோலாலம்பூரில் ஏற்கெனவே நடனம் கற்பித்து வந்த கோபால் ஷெட்டி–ராதா ஷெட்டி தம்பதியும், சிவதாஸ்–வத்சலா தம்பதியும் அதன் தொடக்க ஆசிரியர்கள். கலையைச் சேவையாகச் செய்வது என்பது அங்கே அடிப்படை. அதனால் அங்கேயே படித்து வளர்ந்தவர்கள், பகலில் வேறு உத்தியோகம் பார்த்துக்கொண்டு, சாயங்காலமும் வாரக் கடைசியிலும் அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுக்கும் பழக்கம் வேர்விட்டது. சிரம்பானிலிருந்து கொமுட்டர் ஏறி கேஎல் சென்ட்ரலில் இறங்கினால் பிரிக்பீல்ட்ஸ் பக்கம்தான். முடிந்தவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். ரம்லி இப்ராஹிம், 1953ல் காஜாங்கில் பிறந்த மலாய்க்காரர். அரச இராணுவக் கல்லூரியில் படித்தவர். மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் எந்திரப் பொறியியல் பட்டம்! என் வகுப்பில் இதைச் சொன்னபோது யாரும் நம்பவில்லை. அங்கே பாலே கற்றார், சிட்னி நடனக் குழுவில் ஆடினார். பரதத்தை அடையாறு கே. லக்ஷ்மணிடமும் ஒடிசியை குரு தேபபிரசாத் தாஸிடமும் கற்றார். 1983ல் கோலாலம்பூரில் 'சூத்ரா'வை நிறுவி, மலேசியப் பிள்ளைகளை, தமிழ்ப் பிள்ளைகள் உட்பட, ஒடிசி ஆட வைத்தார். ஒடிசா கலைஞர்களே வியந்து பார்க்கும் அளவுக்கு. 2018ல் இந்திய அரசு பத்மஸ்ரீ கொடுத்தது.

இந்து இளைஞர் இதழில் இதை எழுதும்போது வரக்கூடிய கேள்வி எனக்குத் தெரியும். "நம்ம சாமி பாட்டுக்கு ஆடக் கத்துக்கொடுக்கிறவர் நம்ம சமயமா இருக்க வேண்டாமா?" போன மாதக் கூட்டத்தில் ஓர் அண்ணன் நேராகவே கேட்டார். கோபத்தோடு இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள.

அதற்குக் கோயில் நாதஸ்வரமே ஒரு பதில். ஷேக் சின்ன மௌலானா (1924–1999) ஆந்திராவில் கரவதி என்ற ஊரில் முஸ்லிம் நாதஸ்வரக் குடும்பத்தில் பிறந்தார். தஞ்சைப் பாணி மேல் ஆசைப்பட்டு, நாச்சியார்கோயில் சகோதரர்களிடம் கற்று, ஸ்ரீரங்கத்திலேயே குடியேறிவிட்டார். 1982ல் அங்கே சாரதா நாதஸ்வர சங்கீத ஆசிரமம் அமைத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தார். பள்ளிக்குச் சாரதை பெயரை வைத்தவர் ஒரு முஸ்லிம் என்பதைக் கவனியுங்கள். பேரர்கள் காசிமும் பாபுவும் இன்றும் வாசிக்கிறார்கள்.

கேரளத்தில் கலாமண்டலம் ஹைதராலி (1946–2006) கதகளிப் பாடகர். மிக வறிய முஸ்லிம் குடும்பம். பதினொரு வயதில் கலாமண்டலத்தில் சேர்ந்தார். பிற்காலத்தில் ஒரு உரத் தொழிற்சாலை நடத்திய கதகளிப் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். உரத் தொழிற்சாலையில் கதகளிப் பள்ளி! இந்து அல்லாதவர் என்பதால் பல கோயில்களுக்குள் அவரால் போக முடியவில்லை. ஒரு கோயிலில் மதிலில் ஒரு பகுதியை இடித்து, மேடையை வெளியே நீட்டினார்கள். ஆடுகிறவர்கள் உள்ளே, அவர் வெளியே நின்று பாடினார். இந்தக் கதையைச் சிலர் ஒற்றுமைக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மதிலை இடித்தவர்களின் நல்ல மனசு தெரிகிறது, சரி. ஆனாலும் நாற்பது ஐம்பது வருடம் கண்ணனையும் ராமனையும் பாடிய மனிதர் வெளியேதானே நின்றார்?

ஆக, அண்ணனுக்கு என் பதில்: வழிபாட்டை நடத்துகிறவர் யார் என்பது ஒரு கேள்வி. அதற்கு ஆகம வழக்கம் இருக்கிறது. அடவும் ஸ்வரமும் சொல்லிக்கொடுக்கிறவர் யார் என்பது வேறு கேள்வி. இரண்டாவதில் மரியாதை இருக்கிறதா, தெரிந்து சொல்லிக்கொடுக்கிறாரா என்று பார்த்தால் போதும். பதத்தில் வரும் சாமியை மதிக்காதவர் எந்தச் சமயமாக இருந்தாலும் நமக்கு வேண்டாம்.

தேவார வகுப்புக்கு வருகிறேன், ஏனென்றால் நம் பிரச்சினையே அங்கேதான். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1952 முதல் பேராசிரியராக இருந்தவர் எம்.எம். தண்டபாணி தேசிகர். திருச்செங்காட்டங்குடி, ஓதுவார் குடும்பம். வீட்டிலும் கோயிலிலும் பாடிப் பழகிய குரல். நடுவில் சினிமாவிலும் நடித்தார், 1942ல் வந்த நந்தனார் படத்தில் நந்தனார் அவர்தான். பல்கலைக்கழகம் அந்த ஓதுவார் பின்னணியைக் குறையாக நினைக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் இணுவில் ஊரைச் சேர்ந்த வீரமணி ஐயர் சென்னையில் கலாக்ஷேத்திராவில் படித்தவர். அங்கே மாணவராக இருந்தபோது மயிலை கற்பகாம்பாள் மீது ஒரு பாட்டு எழுதினார். டி.எம்.எஸ். பாடி, இன்று நம் கோயில் ஒலிபெருக்கிகளில் கேட்காத வெள்ளிக்கிழமை இல்லை. சிரம்பானிலும் கேட்கிறது. எழுதியவர் சினிமாக் கவிஞர் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அவர் ஊர் திரும்பி கோப்பாய் ஆசிரியர் கல்லூரியில் பாடம் நடத்தினார். ஆசிரியர்களுக்கே ஆசிரியர். அவரிடம் படித்தவர்கள் கிராமப் பள்ளிகளுக்குப் பரவினார்கள். ஒரு வட்டாரத்தில் கலை நிலைக்க வேண்டுமென்றால் மேடைக்காரர்களைவிட இப்படிப்பட்ட ஒருவர்தான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது.

இனி நம் தோட்டங்கள். கங்காணி மூலம் ஆள் கட்டி வந்த காலம் 1938ல் இந்திய அரசு தடுத்ததும் முடிந்தது. வந்தவர்கள் பால்மரம் வெட்ட வந்தார்கள், கலை வளர்க்க யாரும் கூட்டிவரவில்லை. இருந்தும் உடுக்கை வந்தது, தப்பு வந்தது, உருமி வந்தது, கும்மியும் கோலாட்டமும் வந்தன. யார் கற்றுக்கொடுத்தார்கள்? காலையில் பெரட்டுக்கு நின்றவர்கள். மங்கு தூக்கியவர்கள். திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பு, வேலை முடிந்து, கோயில் முன்னால் மண்ணெண்ணெய் விளக்கில் பழக்கியவர்கள். அவர்கள் பெயர் எந்த நினைவு மலரிலும் இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனையாகி, தாமானாகி, சனம் அம்பாங்கானுக்கும் ரஹாங்குக்கும் செனவாங்குக்கும் வந்தபோது அந்த வகுப்பறையும் போய்விட்டது. கோயிலைப் பெயர்த்துக் கொண்டுவந்தோம். கற்றுக்கொடுத்தவர்களை எங்கே உட்கார வைத்தோம்?

உருமி மேளம் அடிக்கும் பையன்களை நாம் பேசும் விதத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். மிருதங்கம் கற்பிப்பவர் 'சார்', உருமி பழக்குபவர் 'அந்த மேளக்காரன்'. ஏன்? 2025ல் மதுரை அலங்காநல்லூர்ப் பறை ஆசான் வேலு அவர்களுக்கு இந்திய அரசு பத்மஸ்ரீ கொடுத்தது. அவர் பெயரோடு 'ஆசான்' என்பது ஒட்டியே இருக்கிறது. சாவுக்கு அடிக்கிற மேளம் என்று ஒதுக்கப்பட்ட கருவியை இன்று கல்லூரி மாணவர்கள் வரிசையில் நின்று கற்கிறார்கள். நாம் பத்மஸ்ரீ வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் சொன்னதால், யார் வேண்டுமானாலும் கற்பிக்கலாம் என்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மூன்று வீடியோ பார்த்துவிட்டு 'மாஸ்டர்' ஆகிறவர்களும் உண்டு. தவறான அரைமண்டி பிள்ளையின் முட்டியைக் கெடுக்கும். தவறான சுருதியில் கத்த விட்டால் குரல் போகும். எங்கள் பட்டறையில் லேத் மெஷின் சொல்லிக்கொடுக்கும் டெக்னீஷியனுக்கு டிகிரி இல்லை. ஆனால் சத்தத்தை வைத்தே கத்தி மழுங்கியதைச் சொல்வார். பேராசிரியர்கள் அவரிடம் கேட்டுத்தான் வேலை கொடுப்பார்கள். அவரும் இருபது வருடம் ஒரு மூத்த டெக்னீஷியன் கீழே நின்று கற்றவர். ஆகவே 'சர்டிபிகேட் இருக்கா' என்பதைவிட 'யார்கிட்ட, எத்தனை வருஷம், இப்பவும் கத்துக்கிறீங்களா' என்ற கேள்வி பயன்படும். வாசுதேவாச்சாரியார் முதல் தேசிகர் வரை எல்லாரிடமும் இந்தக் கேள்விக்குப் பதில் இருந்தது. நம் அக்காவிடமும் இருக்கிறது.

இன்னொரு விஷயம், பலர் பேசத் தயங்குவது. 2023ல் அதே கலாக்ஷேத்திராவின் கல்லூரி மாணவிகள் ஆசிரியர்கள் மீது பாலியல் தொல்லைப் புகார் சொல்லிப் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். உதவிப் பேராசிரியர் ஒருவர் கைது செய்யப்பட்டார். வெளியிலிருந்து ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. பெரிய பெயர், பெரிய பரம்பரை, எதுவும் பிள்ளைகளுக்குத் தானாகக் காவல் நிற்காது என்பதற்கு இது போதும். குருபக்தி நம் பண்பாடு. அதற்காக ஒரு பிள்ளை 'எனக்கு அங்கே போகப் பிடிக்கல' என்று சொன்னால் அதட்டி அனுப்புவது பண்பாடு ஆகாது. ஆசிரியர் பின்னணியைக் கேட்கிறோம் என்றால் இதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும். சமூகநல இலாகாவின் பதிவேட்டில், சிறார் தொடர்பான குற்றத்துக்குத் தண்டனை பெற்றவரா என்று சரிபார்க்க 2019 முதல் வழி இருக்கிறது. நம் வகுப்பில் கதவு திறந்தே இருக்கும், ஒரு பெற்றோர் எப்போதும் உள்ளே உட்கார்ந்திருப்பார், தனி வகுப்பு கிடையாது. கோலாலம்பூரிலிருந்து வரும் பட்டதாரிக்கும் சரி, நம் அக்காவுக்கும் சரி, ஒரே விதி. அக்காவிடம் இதைச் சொன்னபோது, "முதல்லயே செஞ்சிருக்கணும் தம்பி" என்றார்.

சம்பளம் பற்றியும் ஒரு வார்த்தை. 'சேவைதானே' என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்கிறோம். கௌரி அம்மாள் கதையைப் படித்தபின் எனக்கு அந்தச் சொல் உறுத்துகிறது. நுண்கலை ஆலயத்தில் சேவை செய்கிறவர்களுக்குப் பெரும்பாலும் வேறு உத்தியோகம் உண்டு, தாங்களே விரும்பிச் செய்கிறார்கள். ஷிப்டு வேலை பார்ப்பவரிடம் நாமாகச் சேவையை எதிர்பார்ப்பது அதுபோல ஆகாது. புதிதாக வரும் பரத ஆசிரியைக்கு ஒரு வகுப்புக்கு இவ்வளவு வெள்ளி என்று பேசும் செயற்குழு, இரண்டு வருடமாகத் தேவாரம் கற்பிப்பவருக்குப் பெட்ரோல் காசுகூடக் கொடுத்ததில்லை. இருவருக்கும் ஒரே தொகை என்று நான் முன்மொழியப் போகிறேன். எதிர்க்கிறவர்கள் கூட்டத்துக்கு வந்து காரணத்தைச் சொல்லுங்கள், வாட்சாப்பில் வேண்டாம்.

கூட்டத்துக்கு வருமுன் ஒவ்வொருவரும் ஒரு வேலை செய்துகொண்டு வாருங்கள். உங்கள் வீட்டில் தாத்தா, பாட்டி, பெரியம்மா யாராவது இருந்தால், அவர்கள் தோட்டத்தில் பாட்டு, மேளம், கூத்து, கோலாட்டம் பழக்கியவர் யார் என்று கேளுங்கள். பெயர், தோட்டம், என்ன வேலை பார்த்தார், யாரிடம் கற்றார். நான்கே விவரம். லாபு, லிங்கி, ரந்தாவ் பக்கமிருந்து வந்தவர்கள் வீட்டில் கட்டாயம் ஒருவர் நினைவு இருக்கும். ஒரு நோட்டில் சேர்ப்போம்.

தேவார வகுப்பு நேரம் மாறியிருக்கிறது. அக்காவுக்கு இந்த மாதம் சனிக்கிழமை இரவு ஷிப்ட். காலை 9 மணிக்குப் பதில் 10.30க்கு வகுப்பு. நிறுத்திய இரண்டு வீட்டுக்கும் நானே நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். ஒரு வீட்டில் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்துக் கேட்டார்கள். "அந்தப் பண்டாரம் யாரு, எந்தத் தோட்டம்?" என்றார் அந்தப் பிள்ளையின் பாட்டி.